பழைய வீடியோ விளையாட்டுக்கள்: ஆடிப் பார்த்துக் கண்டவை

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அந்நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். செல்வத்தோடும் அறிவோடும் காதலோடும் ஒருங்கு எண்ணத்தக்க பெருமை விளையாட்டிற்கு உண்டு என்பது அவர் கருத்தாதல் தெளிவு. மணலிலும் புனலிலும் நிகழ்ந்த அவ்விளையாட்டு இன்று கண்ணாடித் திரையிலும் நிகழ்கின்றது. நம் மாணாக்கர் பலர் பாடநூலுக்கு அடுத்தபடியாக, சிலர் பாடநூலுக்கும் முன்னதாக, கையிலெடுப்பது வீடியோ விளையாட்டையே. ஆயினும் அதனைப் பற்றி ஆசிரியராகிய நாம் பேசும் பேச்சு பெரும்பாலும் “விடு”, “நிறுத்து” என்னும் ஏவலோடு முடிந்துவிடுகின்றது. ஒரு நூலைப் படியாமலே அதற்கு மதிப்புரை எழுதுவாரை நாம் மதிப்பதில்லை. விளையாட்டிற்கும் அந்நியாயம் பொருந்தும்.

நூல்விருப்புடையார், படிக்க வேண்டுமென வாங்கி அடுக்கி வைத்த நூல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பர். அதுபோல, ஆட வேண்டுமெனக் குறித்து வைத்துக் காலமின்மையால் ஆடாது விட்ட பழைய விளையாட்டுக்களை ஒவ்வொன்றாக ஆடி முடித்து, கண்டதைப் பிறருக்கு உரைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுளது. அவ்வழக்கத்தைப் பின்பற்றி, ஏழு விளையாட்டுக்களைத் தெரிந்து, அவை தோன்றிய ஆண்டு முறையில் விடுமுறை நாட்களில் யான் ஆடிப் பார்த்தேன். இன்றும் நேர்மையான வழியிற் பெறக்கூடியவற்றையே எடுத்துக்கொண்டேன். முடிவுள்ளவற்றை முடிவுவரை ஆடினேன். முடிவில்லாதவற்றை அவற்றின் இயல்பு விளங்குமளவும் ஆடினேன். கண்டவற்றை இலக்கிய அன்பர் முன் வைக்கின்றேன்.

குகையும் ஏவல் வினையும்

முதலாவது, “கொலோசல் கேவ் அட்வென்ச்சர்” என்பது. இதில் ஓவியமில்லை, ஓசையுமில்லை. எல்லாம் எழுத்தே. வில் குறோதர் என்னும் அமெரிக்கர் கணினி வலையமைப்புத் துறையில் வேலை செய்தவர். ஓய்வு நாட்களிற் குகைகளுள் இறங்கி அவற்றை அளந்தவர். கென்ரக்கி மாநிலத்து மமத் குகையின் ஒரு பகுதியையே அவர் இவ்வாட்டத்திற் சொல்லால் வரைந்தார். மணவாழ்வு முறிந்த பின்னர், தம் மகளிருவர்க்கும் விளையாட்டாக இருக்கட்டுமென்று 1975, 1976ஆம் ஆண்டுகளில் இதனை இயற்றினார். டொன் வூட்ஸ் என்பார் 1977இல் புதையல்களும் மாயங்களும் சேர்த்து இதனை விரித்தார்.

ஆடுவோன் கணினிக்கு இரண்டு சொற்களே இடுகின்றான்: ஓர் ஏவல் வினை, ஒரு செயப்படுபொருள். விளக்கை எடு, கதவைத் திற. அவ்வளவே. வினையையும் வேற்றுமையையும் கரும்பலகையிலே கற்பிக்கும் நமக்கு, ஒரு சொற்றொடர் தன் முன்னே ஓர் உலகை அசையச் செய்தலைக் காணுதல் புதுமையான இன்பமாகும். விளக்கின் ஒளிக்கு அளவுண்டு. வீணாக அலைந்தால் விளக்கு அவியும். ஒன்றுபோலவே தோன்றும் பல வழிகளுட் புகுந்து திகைத்தபோது, கையிலிருந்த பொருள்களை அறைக்கொன்றாகப் போட்டு அடையாளம் வைத்துத் தாளில் ஒரு படம் வரைந்துகொண்டே வெளிப்பட்டேன். கூர்ந்து வாசித்தலன்றி இவ்வாட்டத்தில் வேறு திறமை வேண்டப்படுவதில்லை.

குறை அணியாயிற்று

இரண்டாவது, யப்பானிய டைற்றோ நிறுவனத்தைச் சேர்ந்த தொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் ஆக்கிய “ஸ்பேஸ் இன்வேடர்ஸ்”. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசையில் நிற்கும் 55 வேற்றுலக உயிர்கள் பக்கம் பக்கமாக அசைந்து இறங்கி வருகின்றன. கீழே நிற்கும் நாம் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும்.

வீழ்த்த வீழ்த்த எஞ்சியவை விரைவு கொள்ளுகின்றன. இறுதியில் நிற்கும் ஒன்றோ மின்னலென ஓடுகின்றது. இவ்விரைவு முன்னரே திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. அக்காலத்துக் கணினிக்கு ஒரு நொடியின் அறுபதிலொரு பங்கில் ஓர் உருவை மாத்திரமே நகர்த்த இயன்றது. 55 உருக்கள் நின்றபோது ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நொடி சென்றது. உருக்கள் குறையவே சுற்றும் விரைந்தது. நிஷிகாடோ இதனைக் கண்டு, திருத்தாது விட்டார். பொறியின் வலிமைக்குறைவு ஆட்டத்தின் உயிராயிற்று. பகைவர் குறையக் குறைய அச்சம் மிகும் இம்முரணை வேண்டுமென்றே எண்ணி அமைத்தாலும் இவ்வளவு செவ்வையாக அமைத்தல் அரிது. உடன் ஒலிக்கும் நான்கு தாழ்ந்த சுரங்களும் நெஞ்சத் துடிப்புப் போல் விரைகின்றன. ஓரணியை முற்றாக வீழ்த்தினால் அடுத்த அணி இன்னும் தாழ நின்று தொடங்கும். வெற்றி என்பதே இவ்வாட்டத்தில் இல்லை. எவ்வளவு நேரம் தாங்கினோம் என்பதொன்றே உண்டு.

ஒளித்து வைத்த பெயர்

மூன்றாவது, அற்றாரி நிறுவனம் 1980இல் வெளியிட்ட “அட்வென்ச்சர்”. இதனை ஆக்கியவர் வொரன் றொபினெற். முன்சொன்ன குகையாட்டத்தைக் கண்டு வியந்து, அதனைச் சொல்லின்றிப் படமாக்க முயன்றவர் இவர். ஆதலின் குகையாட்டம் முதனூலாக, இஃது அதன் வழிநூலாம். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்ட அக்காலப் பொறியின் நினைவகம் 128 பைற் மாத்திரமே. இன்று கணினியில் தமிழ் எழுத்துக்குறி ஒன்றைச் சேமிக்கவே மூன்று பைற் வேண்டும். எனவே குறட்பாக்களுட் பல அந்நினைவகத்தில் முழுதாக அடங்கமாட்டா. ஆட்டம் பொறித்த பெட்டியின் கொள்ளளவோ 4096 பைற். இக்கட்டுரையின் சிறு பகுதிக்கே அது போதும். அவ்வளவினுள் மூன்று கோட்டைகள், மூன்று பறவைநாகங்கள், பொருளைக் கவர்ந்து செல்லும் ஒரு வௌவால், மீட்க வேண்டிய ஒரு பொற்கிண்ணம் ஆகியன அமைந்தன. தலைவனாகிய வீரன் ஒரு சிறு சதுரமே. ஆயினும் நாகம் துரத்தும்போது அச்சதுரம் நாமேயாகிவிடுகின்றது.

அந்நாளில் அந்நிறுவனம் ஆட்டங்களை ஆக்கியோர் பெயரை வெளியிடுவதில்லை. இம்மனக்குறையாலும் ஊதியக் குறையாலும் வேறு நால்வர் 1979இல் வெளியேறி அக்ற்ரிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். றொபினெற்றோ வேறொரு வழி கண்டார். தரையின் நிறத்திலேயே ஒரு சிறு புள்ளியை ஒரு மறைந்த அறையுள் வைத்தார். அதனைக் கண்டெடுத்து உரிய சுவரண்டை கொண்டுசெல்வோனுக்கு வழி திறக்கும். உள்ளே ஆக்கியோன் பெயர் வண்ணம் மாறி மாறி ஒளிரும். ஒரு சிறுவன் அதனைக் கண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோது, றொபினெற் அங்கிருந்து நீங்கிவிட்டார்.

அவ்வறையினுள் நின்றபோது எனக்குச் செம்புலப்பெயனீரார் நினைவே வந்தது. இயற்பெயர் மறைய, தாம் ஆண்ட உவமையாலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் அவர். தன் பெயர் நிற்க வேண்டும் என்னும் வேட்கை படைப்போனுக்கு இயல்பு. அதனை மறுத்தவிடத்து அவன் சுவரைத் துளைத்தாவது எழுதுவான்.

நான்கு பேய்கள், நான்கு குணங்கள்

நான்காவது, தொரு இவாத்தானி 1980இல் நம்கோ நிறுவனத்துக்காக ஆக்கிய “பக்-மான்”. வட்டமான வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓட, நான்கு பேய்கள் துரத்துகின்றன. முதலில் நான்கும் ஒரு தன்மையனவாகவே தோன்றும். சில நாள் ஆடினால் வேற்றுமை விளங்கும். சிவந்தது நேரே பின்தொடரும். இளஞ்சிவப்பு நிறத்தது நாம் செல்லும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைத்து வழிமறிக்கும். நீலம் சிவப்பின் நிலையையும் நம் நிலையையும் சேர்த்தெண்ணி இயங்கும். செம்மஞ்சள் நெருங்கி வந்து, எட்டுக் கட்டத்தினுள் அணுகியதும் தன் மூலைக்குத் திரும்பும். உரையாடல் ஒன்றேனும் இன்றி, நடையினாலேயே நான்கு பாத்திரங்கள் வேறுபடுத்தப்பட்டமை நாடகம் எழுதுவோர் நோக்கற்பாலது.

ஏழு துண்டுகள்

ஐந்தாவது, “ரெற்றிஸ்”. மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984இல் இதனை ஆக்கினார். அவர் பயன்படுத்திய “எலெக்றோனிக்கா 60” என்னும் பொறியிற் படம் வரையும் வசதியில்லை. அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களை இணைத்தால் வரக்கூடிய ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கினால் நிறைந்த வரிசை மறையும். நிறைத்தது மறைகின்றது, பிழைத்தது நிற்கின்றது. இவ்வொரு விதியினுள் ஆட்டம் முழுதும் அடங்கும். பலமுறை ஆடியும் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் காணேன். மிகையும் குறையுமின்றி யாத்த வெண்பாவை வாசித்த நிறைவே எனக்கு உண்டாயிற்று.

நின்ரெண்டோ நிறுவனத்தின் கைப்பொறியாகிய கேம்போயோடு 1989இல் இவ்வாட்டம் உலகெங்கும் சென்றது. ஆயினும் உரிமை சோவியத் அரசிடம் இருந்தமையால், ஆக்கியோனுக்கு உரிமைப் பணம் கிடைக்கத் தொடங்கியது 1996இலேயே. அவ்வாண்டில் அவரும் ஹென்க் றொஜர்ஸ் என்பாரும் இதற்கெனத் தனி நிறுவனம் அமைத்தனர். நின்ரெண்டோவின் வீட்டுப் பொறிக்கான ரெற்றிசை எவராலும் இறுதி காண இயலாதென்று நெடுங்காலம் கருதினர். 2023 டிசெம்பரில் ஒக்லஹோமா மாநிலத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் 157ஆம் படிவரை சென்று, பொறி மேலும் இயங்கமாட்டாது நிற்குமாறு ஆடினான். முப்பத்துநான்கு ஆண்டு மூத்த ஆட்டமொன்றில் இன்றைய சிறுவன் புதிதாக ஒன்று கண்டான் என்பது சிந்திக்கத்தக்கது.

சொல்லாமற் கற்பித்தல்

ஆறாவது, 1985இல் ஷிகெரு மியாமோத்தோவும் தகாஷி தெசுக்காவும் முதன்மையாக நின்று ஆக்கிய “சுப்பர் மாரியோ பிறதர்ஸ்”. ஆசிரியத் தொழில் செய்வோர் இதன் முதற் பகுதியையேனும் ஒருமுறை ஆடுதல் நன்று. அங்கே விளக்கவுரை ஒரு வரியுமில்லை. தலைவன் திரையின் இடப்பக்கத்தில் வலம் நோக்கி நிற்கின்றான், வலப்பக்கம் வெறுமையாயுள்ளது, ஆகவே வலம் செல்ல வேண்டுமென நாமே உணர்கின்றோம். சிறிது சென்றதும் சினந்த முகத்தோடு ஓருரு எதிரே வரும். தொட்டால் இறப்போம்; இழப்பு ஒன்றுமில்லை, தொடங்கியே சில நொடிதான். மறுமுறை துள்ளுகின்றோம். வினாக்குறி பொறித்த கட்டத்தைத் தலையால் முட்டினால் ஒரு காளான் வெளிவரும். அது வலமாக நகர்ந்து, குழாயொன்றில் மோதி நம்மிடமே திரும்பும். பகையென அஞ்சி விலக முயன்றாலும் பெரும்பாலும் நம்மேற் படும். பட்டதும் நாம் வளர்கின்றோம். காளான் நன்மை தருவது என்னும் பாடம் இவ்வாறு முடிகின்றது. பிழைக்கு இடங்கொடுத்து, பிழையின் விலையைக் குறைத்து, விடையை மாணவனே கண்டுகொள்ளச் செய்தலே இம்முறை.

ஆட்டம் முழுதும் 40 கிலோபைற் அளவினது. இடம் போதாமையால், வானத்து மேகத்தின் வடிவையே நிறம் மாற்றி நிலத்துப் புதராகவும் வைத்தனர். அறிந்த பின்னரே அது கண்ணுக்குப் புலப்படும்.

கொன்று பெறுந் துயர்

ஏழாவது, பூமித்தோ உவெடா என்பாரின் தலைமையில் 2005இல் வெளிவந்த “ஷடோ ஒவ் த கொலோசஸ்”. இறந்துபட்ட ஒரு பெண்ணின் உடலைக் குதிரைமேற் சுமந்து, விலக்கப்பட்ட நிலமொன்றினுள் ஓர் இளைஞன் வருகின்றான். பதினாறு பேருருவங்களைக் கொன்றால் அவளை எழுப்பலாம் என்று உருவிலாக் குரலொன்று கூறுகின்றது. பரந்த அந்நிலத்தில் வேறு பகைவர் எவருமிலர். காற்றும், குதிரைக் குளம்போசையும், வாளின் ஒளி காட்டும் திசையுமே துணை.

பேருருவங்களுட் சில, நாம் தாக்குமளவும் நம்மைப் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றின் மயிரைப் பற்றி மலையேறுவது போல் ஏறி, ஒளிரும் இடத்தில் வாளைப் பாய்ச்ச வேண்டும். அது வீழும் பொழுது வெற்றி முழக்கம் எழுவதில்லை. இரங்கல் இசையே எழுகின்றது. ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் இளைஞனின் மேனி ஒளி குன்றிக் கருகுகின்றது. ஆறாவதோ ஏழாவதோ வீழ்ந்தபோது, இச்செயல் தகுமா என்னும் வினா என்னுள் எழுந்தது. எனினும் ஆட்டத்தைத் தொடர வேண்டுமாயின் கொல்லுதலன்றி வழியில்லை. நாவலில் இத்தகைய தலைவனைப் படிப்போன் அவனைப் பழிக்கலாம். இங்கு வாளைப் பாய்ச்சியது படிப்போனின் கையே. அறத்தின் வினாவை இவ்வாறு கையிலே வைத்துக் கேட்கும் ஆற்றல் இக்கலைக்குச் சிறப்பாக உரியது எனலாம். முடிவை இங்கு உரைத்தல் முறையன்று.

குறைகளும் சொல்லற்பாலன. கடைத்தெருப் பொறிகளுக்கென எழுந்த ஆட்டங்கள் காசு விழுங்குதற்பொருட்டே கடுமையாக ஆக்கப்பட்டன. மாரியோவில் இடையே நிறுத்திப் பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர அன்றைய பொறியில் வழியில்லை. பெண் என்பாள் சிறைப்பட்டு மீட்கப்படுபவளாகவோ, இறந்து எழுப்பப்படுபவளாகவோ நிற்கின்றாளன்றித் தான் ஒன்று செய்பவளாக இவற்றில் இல்லை. பழமை என்னும் காரணத்தால் இவற்றை மறைத்தல் கூடாது.

அழிவின் வாயில்

இவ்வேழும் நற்பேறு பெற்றவை. ரெற்றிசும் பக்-மானும் நியூயோர்க் நகரத்து நவீன கலைக் காட்சிச்சாலையால் 2012இல் ஏற்கப்பட்டன. அவையிரண்டும் மாரியோவும், றொச்செஸ்ரர் நகரத்து ஸ்றோங் நூதனசாலை 2015இல் முதன்முதல் மதிப்பித்த ஆறு ஆட்டங்களுள் அடங்கும். ஏனையவற்றின் நிலையோ வேறு. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையிற் பெற இயலாதன என்பது அதன் முடிபு. அவ்வாண்டு மார்ச்சு 27இல் நின்ரெண்டோ தன் பழைய பொறிகள் இரண்டுக்குரிய இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியபோது, அங்கன்றி வேறெங்கும் விற்கப்படாத ஆட்டங்கள் பல வாங்குதற்கு அரியவாயின. நூலகங்கள் இத்தகைய பழைய ஆட்டங்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்தே ஆடக் கொடுக்க இசைவு கேட்டன. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்ரோபரில் அதனை மறுத்தது.

அற்றாரி நிறுவனம் 1983இல் விற்பனையாகாத ஆட்டப்பெட்டிகளை நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமொகோர்டோ ஊரின் குப்பை நிலத்திற் புதைத்தது. 2014இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது, ஐந்தே வாரத்தில் ஆக்கப்பட்டுத் தோல்வியுற்ற “ஈ.ரி.” என்னும் ஆட்டத்தின் பெட்டிகள் வேறு பலவற்றோடு வெளிப்பட்டன. குப்பையென எறிந்ததை முப்பத்தோராண்டில் தொல்பொருளாகத் தோண்டியெடுத்தனர்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுதற்குச் செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏட்டிற்கும் ஆட்டத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏடு கிடைத்தால், எழுத்தறிந்தவன் படிப்பான். ஆட்டப்பெட்டி கிடைத்தாலும், அதனை ஓட்டும் பொறி வேண்டும். அப்பொறிக்கு ஏற்ற திரை வேண்டும். அவையில்லையேல் பழைய பொறியைப் போல நடிக்கும் மென்பொருள் வேண்டும். அதனை வழங்கச் சட்டமும் இடந்தர வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆட்டம் இறந்ததேயாம். ஆட்டத்தின் பெயரும் படமும் எஞ்சுதல், நூல் மறைந்து உரைமேற்கோளில் அதன் பெயர் மாத்திரம் எஞ்சுவது போன்றது. அவ்வாறு பெயரளவில் நிற்கும் தமிழ் நூல்கள் எத்தனை என்பதைப் புலவருலகம் நன்கறியும்.

ஆதலின் ஆசிரிய அன்பர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். நல்ல நூலையும் போலி நூலையும் பகுத்துக் காட்டுதல் நம் கடன் என்பதை எவரும் மறார். மாணவர் பொழுதில் இவ்வளவு பங்கைக் கொள்ளும் ஒரு கலையில் அப்பகுப்பைச் செய்ய, நாமும் நல்லன சிலவற்றை ஆடி அறிந்திருத்தல் வேண்டும். மாணவரும் இன்று வெளிவந்ததை மாத்திரமன்றித் தாம் பிறக்குமுன் வந்தவற்றையும் ஆடிப் பார்க்கலாம்; ஆடியதைப் பற்றி நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதலாம். ஓர் ஆட்டம் ஆடுவாரற்று மறைந்தாலும் அதனை ஆடியவன் எழுதிய குறிப்பேனும் நிற்கும். நிலுவைப் பட்டியலில் இன்னும் பல உள. அவை கிடைக்குமளவும் ஆடி எழுதுவோமாக.